யூ.எஸ். சார்

எங்க பக்கத்துல ரெண்டே எழுத்த வச்சிக்கிட்டுக் காலத்த ஓட்டுன மனுசன் அவரு ஒருத்தர்தான். யூ.எஸ்.ங்கிற ரெண்டு எழுத்து. பெஞ்சு ஆடுனா யூ.எஸ்., சாம்பார்ல உப்பு கூடுனா யூ.எஸ்., பக்கத்து வூட்டுக் கொழந்த அழுதா கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேட்டுட்டு, அதுவும் யூ.எஸ்.னு சொல்லிட்டுக் கதவ சாத்திக்குவாரு.

எழுபதுகள்ல அரியலூர்ல ஒரு ஹைஸ்கூலுக்கு சயின்ஸ் வாத்தியாரா வந்து சேந்தாரு. அதுக்கு முன்னாடி வடக்க எங்கயோ ஏரோபிளேன் நிக்கிற எடத்துல இன்ஜின் சோதிக்கிற வேலயாம். சோதிச்சுப் பாத்து ஒரு சாமான் ஆகாதுன்னு பட்டா, கயிறு கோத்த செவப்பு அட்டைய அதுல கட்டி, இங்கிலீசுல யூ.எஸ்.னு எழுதணும். அன்சர்வீசபிள். உபயோகத்துக்கு ஆகாது. இத நான் இப்பவே சொல்லிடுறேன், ஏன்னா அன்னைக்கு எங்களுக்கு இத யாரும் சொல்லல. எங்க ஜனத்துக்கு யூ.எஸ்.னா அமெரிக்கா. அமெரிக்கான்னா ஒசத்தி.

வேலய விட்டு வந்தவரு அந்த அட்டைய விட்டுட்டு வந்தாரா? இல்ல. கட்டு கட்டா கொண்டாந்திருந்தாரு. பள்ளிக்கூடத்து மணியில கட்டுனாரு. ஆய்வுக்கூடத்துத் தராசுல கட்டுனாரு. டீக்கடை ரேடியோ கரகரன்னுச்சுன்னு அதுலயும் ஒண்ணு. டீக்கடைக்காரரு அத அவுக்கவே இல்ல, "சாரு நம்ம ரேடியோவுக்கு அமெரிக்கா சீட்டு குடுத்துட்டாரு"ன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் காமிச்சாரு. சார் அங்கேயே உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு அதக் கேப்பாரு. மீசைக்கு அடியில ஒரு இளிப்பு. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, "அப்படி இல்லய்யா"ன்னு சொன்னா கொறஞ்சா போயிருவாரு? சொல்ல மாட்டாரு. ஊரே முட்டாளா இருக்கறதப் பாக்கறதுல அந்த மனுசனுக்கு அப்படி ஒரு ருசி.

சங்கீதம்னா அவருக்கு உசுரு. அத மறைக்க மாட்டேன். சாயங்காலமானா ஸ்டேஷன் ரோட்டு வூட்டுல கிராமபோனுக்குச் சாவி குடுத்துட்டு, சட்டைய கழட்டிப் போட்டுட்டு உக்காந்தா, கண்ணுலேருந்து தண்ணி ஊத்தும். துண்டால தொடச்சி தொடச்சி அழுவாரு. ஆனா அந்த அழுகையெல்லாம் செத்துப்போன வித்வானுங்களுக்குத்தான். உசுரோட ஒருத்தன் எதிர்ல வாயத் தொறந்தா, வெளக்கெண்ண குடிச்ச மாதிரி மூஞ்சி ஆயிரும். பாட்டுமேல அம்புட்டு ஆச, பாடுறவன்மேல அம்புட்டு எரிச்சல்.

காதையும் கொற சொல்ல முடியாது. பாம்புக்காது. ஒருதடவ ஜெயங்கொண்டம் போற பஸ்ஸுல நாங்கள்லாம் போய்க்கிட்டிருந்தோம். பாதி வழியில எந்திரிச்சு நின்னாரு. "கண்டக்டர், நிறுத்து. இன்ஜின்ல ஒரு தட்டல் இருக்கு. யூ.எஸ்." கண்டக்டரு, "சார், வண்டி நேத்தும் ஓடுச்சு, முந்தாநாளும் ஓடுச்சு"ன்னாரு. கேப்பாரா? எறங்கிட்டாரு. கொளுத்துற வெயில்ல முள்ளுக்காட்டு ரோட்டுல கையில பையோட நின்னாரு. நாங்க ஜெயங்கொண்டத்துல எறங்கி, வேலய முடிச்சிட்டு, அதே பஸ்ஸுல திரும்பி வந்தோம். அவரு அதே எடத்துலதான் நின்னாரு. தட்டல் இருந்தது நெசம். டிரைவரே ஒத்துக்கிட்டாரு. அந்தத் தட்டலோடயே அந்த பஸ்ஸு இன்னும் பல வருசம் எங்கள ஏத்திக்கிட்டுப் போச்சு, வந்துச்சு.

மீன்சுருட்டியில ஒரு கல்யாணம். நாயனக்காரரு உசுரக் குடுத்து வாசிச்சிக்கிட்டிருந்தாரு. இந்த மனுசன் எந்திரிச்சுப் போயி, நடுவுல நாயனத்துலயே செவப்பு அட்டைய கட்டிட்டு வந்து உக்காந்தாரு. அந்தப் பெரியவரு ஏதோ பெரிய எடத்து மரியாதைன்னு நெனச்சி அட்டைய கண்ணுல ஒத்திக்கிட்டு, இவர்ப் பக்கமா திரும்பி இன்னொரு உருப்படி எடுத்து வாசிச்சாரு. மறுநாள் கிளாஸுல சார் இதச் சொல்லிச் சொல்லி, மேசையத் தட்டித் தட்டிச் சந்தோசப்பட்டாரு. பசங்க எதுக்கு சிரிக்கிறோம்னு தெரியாமயே சிரிச்சாங்க. நான் ஒன்பதாவது படிச்சேன். நானும் அந்தக் கிளாஸுலதான் உக்காந்திருந்தேன்.

எனக்கு அவரு சயின்ஸ் வாத்தியார். எங்க அக்காவுக்குப் பாட்டு வாத்தியார்.

எங்க அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில மேஸ்திரி. எங்க பாட்டன் வரைக்கும் அடுத்தவன் வயல்ல நின்ன குடும்பம். அப்பாவுக்கு ஒரே ஒரு ஆச. அக்கா பாட்டு டீச்சராயி, பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல நாற்காலியில உக்காரணும். அக்கா கொரலு அப்படி. கொழா அடியில தண்ணி புடிக்கையில அவ பாடுனா, கொடம் நெறஞ்சி வழிஞ்சாலும் யாரும் எடுக்க மாட்டாங்க. அப்பா போயி சார்கிட்ட கைய கட்டிக்கிட்டு நின்னாரு.

"சாருங்க, எம் பொண்ணுக்கு நாலு பாட்டு சொல்லிக் குடுக்கணும்."

"ஏய்யா மேஸ்திரி, உங்க பக்கத்து நாக்குக்கு ‘ழ’வே வரல. சங்கராபரணம் எங்கேருந்துய்யா வரும்?"

"வர வைங்க சாருங்க. அதுக்குத்தான வாத்தியாரு."

நாலு வருசம் அக்கா போனா. அந்த நாலு வருசத்துல அவரு வாயத் தொறந்து ஒரு வரி பாடிக் காமிச்சதில்ல. ஆர்மோனியத்துல ஒரு கட்டைய அழுத்துவாரு. அக்கா பாடணும். "ம்ஹூம்" ம்பாரு. எங்க தப்புன்னு கேட்டா, "தப்புன்னு தெரியுதுல்ல? போ, கண்டுபுடி." அவ்வளவுதான் பாடம். மத்ததெல்லாம் அக்காவே அவரு வூட்டு இசைத்தட்டக் கேட்டுக் கேட்டு, வழியெல்லாம் முணுமுணுத்துக்கிட்டே வந்து புடிச்சிக்கிட்டது. சர்க்கார் நடத்துன பாட்டுப் பரீட்சை, லோயர் ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணா. அன்னைக்கு இனிப்பு வாங்கிட்டுப் போயி சாருகிட்ட குடுத்தா. "பரீட்சை வைக்கிறவனுக்கே காது கெடையாது"ன்னு சொல்லிக்கிட்டே இனிப்ப வாயில போட்டுக்கிட்டாரு.

ஒரு நாளு அக்கா பாடி முடிச்சதும், சார் எந்திரிச்சுப் போயி, அக்காவோட சுருதிப்பெட்டியில செவப்பு அட்டைய கட்டிட்டாரு.

அக்கா அத அப்படியே வூட்டுக்குக் கொண்டாந்தா. அப்பாவுக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா அந்த ரெண்டு எழுத்து தெரியும். குவாரியில பாறைக்குத் தொள போடுற மிசின் ஒண்ணு இருந்துச்சு. அதோட நெத்தியில அதே எழுத்துதான். என்னென்னமோ மிசின் வந்துச்சு, படுத்துச்சு, போச்சு. அது ஒண்ணுதான் மழையின்னும் பாக்காம வெயிலுன்னும் பாக்காம ஓடிச்சு. அப்பா தெனம் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் வேலய தொடங்குவாரு.

"பாப்பா, இதப் பாத்தியா? எங்க மிசின்ல இருக்குற அதே எழுத்து! சாரு வாயால சொல்ல மாட்டாரு, எழுதியே குடுத்துட்டாரு!"

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். என்னோட சயின்ஸ் பேப்பர்லயும் அந்த மனுசன் யூ.எஸ்.னு போட்டிருந்தாரு. வாங்குனது பன்னெண்டு மார்க்கு. பன்னெண்டு மார்க்குக்கு எதுக்கு அமெரிக்கா? நேரா அவருகிட்டயே போயிக் கேட்டேன். "உங்கப்பாகிட்டயே கேளு, அவருக்குத்தான் நல்லா தெரியுமே"ன்னாரு. அதே இளிப்பு.

அப்பா அந்த அட்டைய அவுத்து, குங்குமம் வச்சி, சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியடிச்சு மாட்டுனாரு. அந்தப் பொங்கலுக்கு சார எங்க வூட்டுக்குக் கூப்புட்டாரு. நாற்காலி இரவல் வாங்கிப் போட்டோம். வந்தாரு, உக்காந்தாரு, அண்ணாந்து பாத்தாரு. சாமி படம், மாலை, அதுக்குப் பக்கத்துல குங்குமத்தோட அவரோட செவப்பு அட்டை. அம்மா பொங்கல் வச்ச தட்ட நீட்டிக்கிட்டு நின்னாங்க. நான் அவரு மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கன்னம் ரெண்டும் துடிச்சிது, சிரிப்ப அடக்குனாரு. ரெண்டு கரண்டி பொங்கலு கேட்டு வாங்கித் தின்னுட்டு, கைய கழுவிட்டு, "வரேன்யா மேஸ்திரி"ன்னு போயிட்டாரு. சொல்றதுக்கு அதவிட நல்ல நேரம் கெடைக்குமா? நாலு செவுத்துக்குள்ள, நாங்க மட்டும். சொல்லியிருந்தா அழுதிருப்போம், அதோட போயிருக்கும்.

அடுத்த கோடையில பெரம்பலூர்ல ஒரு பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சர் வேல இருக்குன்னு தெரிஞ்சிது. இன்டர்வியூவுக்கு அக்காவக் கூப்புட்டாங்க. அப்பா வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு, என்னையும் இழுத்துக்கிட்டு கெளம்புனாரு. அங்க போயிப் பாத்தா, பெரிய டீச்சருக்குப் பக்கத்துல, பாட்டு தெரிஞ்ச ஆளுன்னு சாரத்தான் உக்கார வச்சிருக்காங்க. அப்பாவுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. "நம்ம சாரு பாப்பா! நம்ம சாரே இருக்காரு! வேல நமக்குத்தான்!"

அக்கா பாடுனா. ஐயோ, எப்படிப் பாடுனா! சைக்கிள்ல போன ரெண்டு பேரு எறங்கி சன்னலோரமா வந்து நின்னாங்க. உள்ள கணக்கு பாத்துக்கிட்டிருந்த கிளார்க்கு பேனாவ மூடி வச்சிட்டு எட்டிப் பாத்தாரு. முடிச்சதும் பெரிய டீச்சரு, "நல்லாருக்கேம்மா"ன்னுட்டு, சார் பக்கம் திரும்புனாங்க. "நீங்க என்ன சொல்றீங்க சார்?"

அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள எங்கப்பா முந்திக்கிட்டாரு. "சாரு ஏற்கனவே எழுதியே குடுத்துட்டாருங்கம்மா." மடியிலேருந்து ஒரு மஞ்சத்துணி முடிச்ச எடுத்து, அவுத்து, குங்குமத்தோட அந்த அட்டைய ரெண்டு கையாலயும் மேச மேல வச்சாரு. "யூ.எஸ்.ங்க. எம் பொண்ணு கொரலு அமெரிக்கா தரமுங்க."

பெரிய டீச்சரு அட்டைய திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "இது என்ன சார்?"

அந்த மனுசன் சத்தம் போட்டு சிரிச்சி அன்னைக்குத்தான் நான் கேட்டேன். "அன்சர்வீசபிள் மேடம். ஏரோபிளேன்ல ஓடாத சாமானுக்குக் கட்டுறது. உபயோகத்துக்கு ஆகாதுன்னு அர்த்தம். இந்தாளு அத சாமி படத்தோட மாட்டி வச்சிருக்கான் மேடம், குங்குமம் வச்சி!"

கூட உக்காந்திருந்தவங்க சிரிச்சாங்க. கிளார்க்கு சிரிச்சாரு. எங்கப்பாவும் சிரிச்சாரு. என்ன பண்றதுன்னு தெரியல, எல்லாரும் சிரிக்கறாங்களேன்னு அவரும் சிரிச்சாரு. அந்தச் சிரிப்ப நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அக்கா சிரிக்கல. நிமிந்து நின்னு கேட்டா.

"சார், ஆகாதுன்னு அட்டை கட்டுன சாமான அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"தனியா எடுத்து வச்சிருவோம்."

"சரி பண்ண மாட்டீங்களா?"

"அதுக்கு வேற ஆளு. நான் இன்ஸ்பெக்ஷன்."

"அப்ப இந்த நாலு வருசமா வாத்தியார்னு எதுக்கு சார் உக்காந்திருந்தீங்க?"

சார் பெரிய டீச்சரப் பாத்து, "பாத்தீங்களா மேடம், வாய? இவள நம்பி புள்ளைங்கள எப்படி விடுவீங்க?"ன்னாரு.

பெரிய டீச்சரு நல்லவங்கதான். ஆனா அவங்க என்ன பண்ணுவாங்க? "சொல்லிக்குடுத்தவரே ஆகாதுங்கறாரும்மா"ன்னு தல குனிஞ்சிக்கிட்டாங்க. வேல வேற ஒரு பொண்ணுக்குப் போச்சு.

திரும்பி வர்ற பஸ்ஸுல அப்பா சன்னல் பக்கமாவே மூஞ்சிய வச்சிக்கிட்டிருந்தாரு. ரொம்ப தூரம் வந்தப்புறம் என்னைத் தொட்டு, மெதுவா கேட்டாரு. "பாப்பா, அப்ப எங்க தொள போடுற மிசினும் ஆகாததுதானா?"

"இல்லப்பா. அது நெசமாவே அமெரிக்காதான்."

"ம்" னாரு. நம்புன மாதிரி தெரியல. அதுக்கப்புறம் அந்த மிசினத் தொட்டுக் கும்புடறதையும் விட்டுட்டாருன்னு குவாரியில கூட வேல செஞ்சவங்க சொன்னாங்க.

அட்டைய அக்கா அடுப்புல போட்டா. பேச்சு பழையபடி இருந்துச்சு, சண்ட இருந்துச்சு, கிண்டல் இருந்துச்சு. பாட்டு மட்டும் நின்னுபோச்சு. அப்பா வூட்டுல இருக்கையில யாராவது ரேடியோவுல பாட்டு வச்சா எந்திரிச்சு வெளிய போயிருவாரு. அவரு மூஞ்சியப் பாத்துட்டு அக்கா எப்படிப் பாடுவா? தா.பழூர்ல கட்டிக் குடுத்தோம். மாமா தங்கமான மனுசன், வயலும் வரப்புமா கெடக்குறவரு. அவரே கேட்டிருக்காரு, "ஏம்புள்ள, பாட்டெல்லாம் கத்துக்கிட்டவன்னு சொன்னாங்க, ஒண்ணு பாடேன்"னு. "அது ஆகாத கொரலுங்க"ன்னு சொல்லிட்டுச் சோறு போடுவாளாம். கொழந்தைக்குத் தாலாட்டு பாடுனதுகூட மாமியார்தான். எண்பதுகள் நடுவுல அப்பா போயிட்டாரு.

அதுக்கும் பொறவு ஒரு நாளு. நான் அப்ப பெரம்பலூர் தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட். மத்தியானம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன், எதிர்ல அந்த மனுசன். தல பஞ்சா நரைச்சிருச்சு. முதுகு மட்டும் வளையல. என்னைப் பாத்ததும் கண்ண சுருக்குனாரு.

"மேஸ்திரி பொண்ணுதான நீ? சின்னவ."

"ஆமாங்க சார்."

"அக்கா பாடுறாளா?"

எனக்குக் கோவம் உச்சந்தலைக்கு ஏறிச்சு. "இல்ல. பெரம்பலூர்ல நீங்க சிரிச்சீங்கள்ல, அன்னைக்கோட சரி."

"அடடா" ன்னாரு. நெசமாவே அடடான்னாரு. "நல்ல கொரலாச்சே. இந்த ஜில்லாவுலயே அந்த மாதிரி கொரல நான் கேட்டதில்ல. எங்கிட்ட இருக்குற இசைத்தட்டுலகூட அப்படி ரெண்டோ மூணோதான் தேறும்."

நான் பஸ்ஸ விட்டுட்டேன். "அப்புறம் எதுக்கு சார் அந்த அட்டைய கட்டுனீங்க?"

"மேல் ஸ்தாயியில ஒரு எடத்துல சுருதி ஒரு மயிரிழை கொறஞ்சிதும்மா. ஏரோபிளேன்ல ஒரு ஆணி லூசா இருந்தாலும் அட்டைதான்."

"ஏரோபிளேன் விழுந்தா ஆளு சாவான். பாட்டு விழுந்தா யாரு சார் சாவப் போறா?"

தலைய ஒரு பக்கமா சாச்சி, என் பேச்சுல எங்க தட்டல்னு பாக்கற மாதிரி நின்னாரு.

"நல்லாருக்குன்னு ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல சார்?"

"நல்லாருக்கறத எதுக்கும்மா சொல்லணும்? கொற இருந்தா சொல்றதுதான வேல?"

திமிருல சொல்லல. தெரியாம கேக்கற புள்ளைக்குச் சொல்ற மாதிரி, பொறுமையா சொன்னாரு. திமிருல சொல்லியிருந்தாகூட நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டுட்டு மனச ஆத்திக்கிட்டிருப்பேன். இந்தாளுக்கு தான் என்ன பண்ணோம்னே தெரியல. அன்னைக்கு எங்கப்பா எதுக்கு சிரிச்சாருன்னு இவருக்கு எப்பவுமே வெளங்கப் போறதில்ல. தூன்னு துப்பணும்போல இருந்துச்சு. துப்பல. வயசான மனுசன். "வரேன் சார்"னு அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன்.

அந்த ஞாயித்துக்கெழமையே தா.பழூருக்கு ஓடுனேன். எனக்கு ஒரு நப்பாச. இதக் கேட்டா பாடுவா. ரெண்டு வரி, கொழா அடியில பாடுன மாதிரி ரெண்டே வரி பாடுனாலும் போதும்னு இருந்துச்சு. அக்கா முறத்துல பயறு பொடச்சிக்கிட்டிருந்தா. வாசப்படியிலயே நின்னு ஒரு மூச்சுல கொட்டிட்டேன். ஜில்லாவுலயே இல்லன்னாரு, தட்டுலகூட ரெண்டோ மூணோதான்னாரு, அவரு வாயாலயே சொன்னாருக்கா, அந்தாளு வாயாலயே.

அக்கா முறத்த கீழ வச்சா.

"இத அந்தாளு அப்பா இருக்கையில சொல்லியிருக்கக் கூடாதாடி?" ன்னா.